வானம் அச்சுக்காரருடையது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரப்பலகை அச்சுப்படமான 'சருவகா தெரு இரவுக் காட்சி'யை இரண்டு இணையதளங்களில் பார்த்தேன். ஒன்றில் வானத்தின் உச்சி கருத்து, கீழே வரவர வெளுக்கிறது. இன்னொன்றில் ஒரே சீரான நீலம். எது அசல்? சீரான நீலம் போலியா, வெயிலில் மங்கியதா? தெரு தூரத்தில் குறுகுவது ஐரோப்பியரிடம் எடுத்ததுதானே? எப்படியானாலும், அந்த வானத்தில் ஹிரோஷிகேயின் தூரிகை செய்த மாயம்!
— ச.

அன்புள்ள ச.,

நாடகக் கொட்டகைகள் நிறைந்த அந்த எதோ நகரத் (இன்றைய டோக்கியோ) தெருவை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். நிலவொளியில் ஆட்களின் நிழல் தரையில் விழுவதையும் கவனியுங்கள். அந்த மரபில் அது அபூர்வம். தூரக்கணக்கு ஐரோப்பியருடையதுதான், ஆனால் ஹிரோஷிகே அதை அவர்களிடம் நேரே எடுக்கவேண்டியிருக்கவில்லை. 1740களிலேயே ஜப்பானிய ஓவியர் ஒகுமுரா மசனோபு அந்தத் தூரக்கணக்கில் அச்சுப் படங்கள் போட்டுவிட்டார். இந்தப் படம் வந்தது 1856இல்.

ஆனால் கடைசி வரிக்கு உங்களைத் திட்டியே ஆகவேண்டும். எந்தத் தூரிகை? ஹிரோஷிகே கொடுத்தது மெல்லிய தாளில் ஒரு கோட்டுச் சித்திரம். அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை விட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார் செதுக்குபவர். மூலச் சித்திரம் அதோடு அழிந்துவிடும். நிறத்துக்கு நிறம் வேறு பலகை. தாள் இடம் மாறாதிருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'கென்தோ' என்ற இரண்டு வெட்டுகள்: மூலைக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று.

அந்த வானத்து இருட்டுக்குப் பலகையில் செதுக்கல் எதுவும் கிடையாது. அதன் பெயர் போகாஷி. அச்சுக்காரர் வானப் பலகையின் மேல்பகுதியை ஈரத்துணியால் துடைப்பார். உச்சி விளிம்பில் மட்டும் சாயமும் அரிசிப்பசையும் வைத்து, பிரஷ்ஷைப் பக்கவாட்டில் இழுப்பார். பிரஷ்ஷின் ஒரு பாதியில் சாயம், மறுபாதியில் வெறும் ஈரம். பிறகு ஈரத்தாளைக் கென்தோவில் பொருத்தி, முதுகில் பாரன் என்ற மூங்கில் உறை போட்ட வட்டத்தட்டால் அழுத்தித் தேய்ப்பார். ஈரம் கூடினால் சாயம் பரவி, நிறம் முடியும் இடத்தில் கறை போல ஒரு கோடு விழும். குறைந்தால் பிரஷ்ஷின் தடம் தெரியும். பசை போதாவிட்டால் எள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். நடுவில் தாள் காய்ந்துவிட்டால் சுருங்கும். கூரைக் கோடும் நிறமும் விலகி நிற்கும். துடைப்பதில் தொடங்கி எல்லாவற்றையும் தாளுக்குத் தாள் புதிதாகச் செய்யவேண்டும். ஒரு தவணைக்கு 200 தாள் என்பது வழக்கக் கணக்கு. இத்தனையும் செய்தவர் பெயர் பெரும்பாலும் படத்தில் இருக்காது. நீங்கள் மாயம் என்று ஹிரோஷிகே கணக்கில் எழுதியது அந்த அச்சுக்காரரின் கூலிவேலையை.

படம் விற்று, மறுபடி மறுபடி அச்சடிக்கும்போது பதிப்பாளர் முதலில் கழிப்பது இந்த வேலையைத்தான். சீரான நீலத்துக்கு அதுவே முதல் காரணமாக இருக்கும். போலி என்று துள்ளவேண்டாம். வெயிலும் சந்தேகமே. அக்காலத்தில் வானத்துக்குப் பெரும்பாலும் பெர்லின் நீலம் என்ற செயற்கைச் சாயம்தான், அது எளிதில் மங்காது. குசும்பாப்பூச் சிவப்புத்தான் முதலில் போகும்.

இரண்டையும் பெரிதாக்கிக் கூரைக் கோடுகளைப் பாருங்கள். தடித்தும் நடுநடுவே அறுந்தும் இருந்தால் தேய்ந்த பலகையில் பின்னாளில் எடுத்தது. கூர்மையாக இருப்பதாலேயே முதல் அச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதுப் பலகை வெட்டி அடித்த பிற்கால நகல்களிலும் கோடு கூர்மைதான். நம்பகமான முதல் அச்சு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஓடு ஓடாக ஒப்பிடவேண்டும்.