வாகன வினா–விடை: பைக் இன்ஜினை வீட்டிலேயே இறக்கலாமா?

கேள்வி: 2006-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். சைலன்சரில் நீலப் புகை வருகிறது; இன்ஜினின் அடிப்பகுதியில் தட்டும் ஓசையும் கேட்கிறது. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. செய்யலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: இறக்குவதைத் தாராளமாகச் செய்யலாம். வேறு இன்ஜினை ஏற்றுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் பொறிக்கப்பட்டிருப்பதால், அந்தக் கேஸ் மாறினால் வண்டியின் பதிவு விவரமே மாறிவிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி இன்ஜினை மாற்றியவர் 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்குவது அதைவிட நல்லது. வாங்கும் இன்ஜினுக்கு முறையான ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான சான்றும் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் இன்ஜினையே மாற்றத் தேவையிருக்காது என்பது என் கருத்து. நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவர் (போர்) தேய்ந்திருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம். அடியில் தட்டும் ஓசை பெரும்பாலும் கனெக்டிங் ராடு அல்லது கிராங்க் பேரிங்குடையது. இவை அனைத்தையும் அதே கிராங்க் கேஸுக்குள் புதுப்பிக்க முடியும். இன்ஜினை நீங்களே இறக்கி, போர் போடுவதையும் கனெக்டிங் ராடு மாற்றுவதையும் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து வாங்கி, மறுபடி நீங்களே ஏற்றிக்கொண்டால் எண்ணும் மாறாது, ஆர்.சி.யையும் தொட வேண்டியதில்லை.

கேள்வி: இன்ஜினை இறக்கும்போது எந்த வரிசையில் கழற்ற வேண்டும்? தனி ஆளாகச் செய்ய முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தனி ஆளாகக் கழற்றலாம், ஆனால் இன்ஜின் வெளியே வரும் நேரத்திலும் உள்ளே போகும் நேரத்திலும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயின் திருகை (காக்) மூடி டேங்கையும் இறக்கிவிட்டால் கை போக இடம் கிடைக்கும். கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. இன்ஜினோடு அதைப் பிடித்திருக்கும் போல்டுகளை எடுத்து, ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஓரமாகக் கட்டிவைத்து, திறந்திருக்கும் துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு சிறு வாஷர் விழுந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

செயின் பக்கம் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு போல்டுகளையும், செயின் மாட்டியிருக்கும்போதே, ஒருவரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் தளர்த்திவிட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு முயன்றால் ஸ்ப்ராக்கெட் போல்டோடு சேர்ந்து சுற்றும். அதன் பின் சைலன்சர், கிளட்ச் கேபிள், மேக்னட் காயில் கப்ளர், நியூட்ரல் சுவிட்ச் வயர், பிளக் கேப், வழியில் நிற்கும் கால்மிதிக் கம்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியில் மோட்டார் வயரும் உண்டு. இன்ஜினில் முடுக்கியிருக்கும் எர்த் வயரைப் பலர் மறந்துவிட்டு, தூக்கும்போது அறுத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்டுகள். இன்ஜினுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, காருக்குப் பயன்படும் சிறிய ஜாக்கியால் எடையை மட்டும் தாங்கச் செய்யுங்கள். ஜாக்கி கூடுதலாக ஏறினாலும் குறைந்தாலும் நீள போல்டு இறுகிக்கொள்ளும். சரியான உயரத்துக்கு வந்துவிட்டால் விரலால் சுழற்றியே உருவிவிடலாம். கழற்றிய போல்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், அட்டையில் இன்ஜினின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

ஏற்றும்போது எல்லாப் போல்டுகளையும் முதலில் கையால் மட்டும் மாட்டி, செயின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடுக்க வேண்டும். சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு குறிப்பிடாத இடங்களில், 6 மி.மீ. போல்டுக்கு 10, 8 மி.மீ.க்கு 22, 10 மி.மீ.க்குச் சுமார் 35 நியூட்டன் மீட்டர் என்பது ஹோண்டா வகை வண்டிகளில் பொதுவான கணக்கு. செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் திறந்த முனை, செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் ஆர்எக்ஸ் 135 இன்ஜின் அப்படியே உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். இன்ஜின் உட்காரும் என்பதற்காகச் சட்டம் இடம் கொடுத்துவிடாது. ஆர்எக்ஸ் 100 என்பது 98 சி.சி.; மற்றது 132 சி.சி. ஆர்.சி.யில் பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைத்தான் முதலில் கேட்கும்.

கேள்வி: இன்ஜினைத் தாங்கும் பின்பக்க நீள போல்டு துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. அடித்து எடுக்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கடற்கரை ஊர்களில் இது வழக்கமான தொல்லை. துரு நீக்கும் ஸ்பிரேயை இரு முனைகளிலும் அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் போல்டின் தலையில் ரிங் ஸ்பேனர் போட்டு முதலில் சுழல வையுங்கள். சுழலாத போல்டை அடித்தால் அதன் முனை உப்பிக்கொண்டு இன்னும் இறுகும். சுழலத் தொடங்கியதும், நட்டைப் போல்டின் முனையோடு சமமாக நிற்கும்படி ஏற்றி, மேலே பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினால் மரை சிதையாது. ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்புக் காட்டிச் சூடேற்றும் வேலை வீட்டில் கூடவே கூடாது. புதிய போல்டை மாட்டும்போது அதன் உடலில் மெல்லியதாகக் கிரீஸ் தடவிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது, ஸ்குரூவைத் திருகியும் குறையவில்லை. கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா? (வாசகர், தென்காசி)

பதில்: முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பாருங்கள். டேங்குக்கு அடியில் மடங்கி இழுபட்டிருந்தால் ஹேண்டில் பாரைத் திருப்பும்போது ஓசை மாறும். அது சரியாக இருந்தால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இன்சுலேட்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியாகக் காற்று புகுகிறது என்று கொள்ளலாம். பழைய ஓ-ரிங் தட்டையாகிப்போயிருக்கும், மறுபடி மாட்டினால் அடைக்காது. புதியதைப் போட்டு இரண்டு போல்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுமையாக முடுக்கினால் முகப்பு வளைந்து அதே கோளாறு திரும்பவும் வரும்.