பண்பாட்டுத் தொழில்துறை முதுகலைப் படிப்பில் கோட்பாடும் செய்முறையும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

அருங்காட்சியகம், நாடகம், இசை, பதிப்பு, சினிமா என்று கலை பிழைப்பாகவும் வியாபாரமாகவும் நடக்கும் இடங்களைத்தான் பண்பாட்டுத் தொழில்துறை என்கிறார்கள். பிரிட்டனில் இதற்கென்றே முதுகலைப் படிப்புகள் உண்டு. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டு.

கோட்பாட்டையும் செய்முறையையும் ஏன் கலக்கிறார்கள்? 1940களில் ஜெர்மன் தத்துவவாதிகளான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 'பண்பாட்டுத் தொழில்துறை' என்ற சொல்லை ஏறக்குறைய வசவாகவே பயன்படுத்தினார்கள்: கலையை ஆலைச் சரக்காக்கிவிட்டார்கள் என்று. 1998-இல் பிரிட்டன் அரசோ ஏறக்குறைய இதே பரப்பைப் 'படைப்புத் தொழில்கள்' என்று 13 பிரிவுகளாகப் பட்டியலிட்டுப் பொருளாதாரக் கணக்கில் சேர்த்தது. இந்த இழுபறி புரியாமல் வேலைக்குப் போனால் சொன்னதைச் செய்யலாம், அவ்வளவுதான்.

ஒரு மாணவி சிறு கண்காட்சி நடத்துகிறார் என்று வையுங்கள். அரங்க வாடகை, காப்பீடு, படத்துக்குக் கீழே ஒட்டும் குறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அப்புறம் உட்கார்ந்து எழுத வேண்டும்: அனுமதி இலவசம், சரி, ஆனாலும் பக்கத்துத் தெருக்காரர்கள் ஏன் வரவில்லை? என்னைக் கேட்டால் படிப்பே இங்கேதான் தொடங்குகிறது.

கல்யாணச் சமையல் மாதிரிதான். ருசி மட்டும் தெரிந்தால் 500 இலை போட முடியாது. அளவு மட்டும் தெரிந்தால் சாம்பார் வாய்க்காது.

நடிக்கவோ வரையவோ இங்கே கற்றுத்தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதற்குக் கலைக் கல்லூரிகள் தனியாக இருக்கின்றன.