ஞாயிறு மண்பாதைக்கு எந்த வண்டி?

வணக்கம் நண்பரே. உயரம் ஐந்தடி ஆறு, ஞாயிறு மட்டும் மண்பாதை, மெக்கானிக் கடைக்கு அலைய நேரமில்லை, பழைய 250 சிசி மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அது பந்தய இன்ஜின். பராமரிப்புக்குக் கிலோமீட்டர் கணக்கில்லை, ஓடிய மணிக்கணக்குதான். ஆயில் அடிக்கடி மாற்ற வேண்டும். அப்புறம் வால்வு, பிஸ்டன் என்று செலவு வரிசையில் நிற்கும். நம் ஊரில் அதைச் சாலைக்குப் பதிவு செய்யவும் முடியாது, மண்பாதை வரை லோடு வண்டியில்தான் ஏற்றிப் போகவேண்டும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பாருங்கள். முன்சக்கரம் 21 அங்குலம், ரேடியேட்டர் கிடையாது, உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். சாதா மாடலின் இருக்கை 825 மிமீ. அதன் புரோ மாடலில் 891, அது உங்களுக்குக் கஷ்டம். எக்ஸ்பல்ஸ் சுமார் 160 கிலோ எடை, சேற்றில் சாய்ந்தால் தூக்குவதற்குள் மூச்சு வாங்கும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 இருபது கிலோ குறைவு, ஆனால் இருக்கை 880.

புழுதியில் ஓட்டி வந்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் பக்கக் குழாய்க்குள் விரலால் தடவுங்கள். மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டுங்கள், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

பழைய எக்ஸ்பல்ஸ் என்றால், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கி நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.