முப்பதாயிரத்தைக் கட்டாதீர்கள், பொண்ணைத் தடுக்கவும் செய்யாதீர்கள்

வணக்கம் அண்ணா,

உங்கள் பொண்ணு பாப்பாவுக்கு நடிக்க ஆசை, சீரியலில் வேஷம் தருகிறேன் என்று ஒருவர் முப்பதாயிரம் கேட்கிறார், என்ன செய்வது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த முப்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கொச்சியிலிருந்து பேசிய ஆள், சீரியலில் ஹீரோயினுக்குத் தங்கச்சி வேஷம், பாப்பா முகம் அப்படியே பொருந்துது, ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கும் போட்டோ ஷூட்டுக்கும் மட்டும் கட்டிவிடுங்கள் என்று சொன்னாராம். இந்தத் தொழிலில் பணம் ஒரு பக்கமாகத்தான் போகும், தயாரிப்பாளரிடமிருந்து நடிக்கிறவருக்கு. நடுவில் கோஆர்டினேட்டர் ஒருவர் இருந்தால் அவருக்குக் கமிஷன் உண்டு, ஆனால் அதைச் சம்பளம் வந்த பிறகு அந்தச் சம்பளத்திலிருந்துதான் எடுப்பார். வேஷம் கைக்கு வரும் முன்னாலேயே நம்மிடம் காசு கேட்கிறவருக்கு நாம்தான் வருமானம். இப்படி ஊருக்குப் பத்து வீட்டில் வாங்கிவிட்டு நம்பரை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்குப் புதிதில்லை. பேர் மட்டும் மாறும், ஒரு வருஷம் மாடலிங் என்பார்கள், அடுத்த வருஷம் ரியாலிட்டி ஷோ என்பார்கள்.

போட்டோவுக்கு ஸ்டுடியோ எதுவும் வேண்டாம். வெள்ளைச் சுவர் ஓரமாக, காலை வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், முடியைப் பின்னால் கட்டி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. அப்புறம் ஃபோனில் ஒரு நிமிஷம் பேர், வயது, உயரம், தெரிந்த பாஷைகளைச் சொல்லி ஒரு வீடியோ, நடித்துக் காட்டி இன்னொரு வீடியோ. உண்மையாகவே ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இவ்வளவுதான். தோலை வழவழப்பாக்கி எடிட் செய்த ஆல்பத்தைப் பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும், நேரில் வரும் முகம் வேறாக இருக்குமே.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. இவள் இதில் ஜெயிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் மோனோ ஆக்டில், அதாவது தனி நடிப்பில், ஏ கிரேடு வாங்கிய பிள்ளைக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜெயிப்பாளா என்பதற்கு நான் பதில் சொன்னால் அது ஜோசியம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வேலை இல்லாத மாதங்களில் இவள் என்ன செய்வாள், எதை வைத்துச் சாப்பிடுவாள்? நடிப்பு என்கிற தொழிலில் முக்கால்வாசி காத்திருப்புதான். அந்தக் காலத்துக்கு ஒரு ஏற்பாடு இருக்கிற பிள்ளை தாக்குப்பிடிக்கும், இல்லாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ரெண்டு மூணு வருஷத்தில் கசந்து போய்த் திரும்பி வரும்.

சீரியல் வேலை எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் சீரியல்கள் பெரும்பாலும் சென்னையில், மலையாள சீரியல்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் எடுக்கிறார்கள். சம்பளம் நாள் கணக்கு. காலை ஒன்பதுக்குக் கால்ஷீட் என்றால் மேக்கப்புக்கு அதற்கும் முன்னாலேயே போய் உட்கார வேண்டும், ராத்திரி எப்போது விடுவார்கள் என்பது அன்றைக்கு முடிக்க வேண்டிய சீன்களைப் பொறுத்தது. என்னிடம் படித்த ஒரு பொண்ணு சென்னையில் ஒரு குடும்ப சீரியலில் நாத்தனார் வேஷம் செய்தாள், நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாடகை பங்களா, ஹாலில் கேமரா, ஏசி சத்தம் போடுகிறது என்று அதை நிறுத்திவிட்டார்கள், லைட் சூட்டில் எல்லோருக்கும் வியர்க்கிறது. அசிஸ்டண்ட் டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்தில் பேப்பரோடு நின்று வசனத்தை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்கிறார், இவள் அதைக் கேட்டுக் கேட்டு அடுத்த நொடியே உணர்ச்சியோடு திருப்பிச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ய நேரமே கிடையாது. அன்று மத்தியானம் முழுக்க அவளுக்கு வசனமே இல்லை, மாமியாருக்குப் பின்னால் நின்று அதிர்ச்சியாகப் பார்க்க வேண்டும், ஒரே அதிர்ச்சியை வைடில், சஜஷனில், குளோஸில் என்று கேமரா கோணம் மாற மாற, திரும்பத் திரும்ப. கண்டின்யூட்டிக்காக அதே புடவை, அதே பூ. அந்தப் புடவையும் அவள் சொந்தமாக வாங்கியது, ஏனென்றால் புதுசாக வருகிறவர்களைப் பல யூனிட்டில் சொந்த உடைதான் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த மாதம் கைக்கு வந்ததில் கணிசமான பகுதி ஜாக்கெட் தைக்கவே போனது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் ஒருநாள் டிஆர்பி குறைந்தது, கதையை வேறு பக்கம் திருப்பினார்கள், நாத்தனார் வெளிநாடு போய்விட்டதாக ஒரு வரி வசனம் வந்தது. அவ்வளவுதான், கதையில் அவளுடைய டிராக் முடிந்தது. அவளிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அடுத்த ஷெட்யூலுக்கு ஃபோன் வரவில்லை என்பதிலிருந்துதான் அவளே புரிந்துகொண்டாள். வர வேண்டிய பேமெண்ட் மாதங்கள் கழித்து வந்தது. இப்போது அவள் டப்பிங் பேசுகிறாள், நடுவில் வேஷம் கிடைத்தால் நடிக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இதையெல்லாம் கேட்ட பிறகும் பாப்பா கண்ணில் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை.

பெரிய பேர்களைப் பார்த்தாலும், காத்திருப்பும் அதற்குக் கையில் ஒரு ஏற்பாடும் என்று இதே கதைதான். சாய் பல்லவி கோத்தகிரியில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர், 2008இல் விஜய் டிவி நடனப் போட்டியில் ஆடியவர். டிவியில் முகம் தெரிந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடாமல் ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். படிக்கும்போதுதான் 2015இல் பிரேமம் வந்தது. மலையாளப் படத்தில் தமிழ் பேசும் டீச்சர், நம் எல்லைக்கென்றே எழுதின மாதிரி ஒரு வேஷம்! படம் அவ்வளவு பெரிதாக ஓடிய பிறகும் திரும்பிப் போய் 2016இல் படிப்பை முடித்தார். நடிகர் குரு சோமசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர், ஆரண்ய காண்டம் படம் வந்தது 2011இல், கேரளா முழுக்க அவரைக் கொண்டாடின மின்னல் முரளி 2021இல். நடுவில் பத்து வருஷம். விஜய் சேதுபதி அதே கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவராகச் சேர்ந்தவர், அது ஊருக்கே தெரியும். கணக்கு எழுதத் தெரிந்ததால்தான் நடிப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற காலம் அவருக்குக் கிடைத்தது.

சரி, படிப்பு. இங்கேதான் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ முடிந்ததும் நேரே ஆக்டிங் ஸ்கூல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு லட்சக்கணக்கில் கட்டப் பார்க்கிறீர்கள். நமக்குப் பக்கத்திலேயே திருச்சூர் அரணாட்டுக்கரையில் காலிகட் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் டிராமா இருக்கிறது, 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது. பிளஸ் டூவுக்குப் பிறகு சேரக்கூடிய நாடகப் பட்டப்படிப்பு அங்கே உண்டு, அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், பாலக்காட்டில் ரயிலேறினால் கூப்பிடு தூரம். என்னைக் கேட்டால் பாப்பாவுக்கு முதல் இடம் அதுதான். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை மலையாளத்தில் மேடையேற முதல் வருஷம் திணறும், திணறட்டும், அந்தத் திணறலில்தான் பாஷை வாயில் உட்காரும்.

அது கிடைக்கவில்லையா, சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கலாம், கோயம்புத்தூரில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கலாம், ஏதாவது ஒரு ரெகுலர் டிகிரி, கூடவே கல்லூரி நாடகம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியான என்.எஸ்.டி.யோ புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்போ பட்டம் முடித்த பிறகு போகிற இடங்கள், என்.எஸ்.டி.யில் மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலை இருக்கிறது. சென்னை தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அங்கே நாலு வருஷப் பட்டப்படிப்பு கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு, இயக்கம் இந்த மாதிரிப் பிரிவுகளில்தான், நடிப்புக்கென்று இல்லை. தனியார் ஆக்டிங் ஸ்கூல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

டப்பிங் என்று மேலே சொன்னேனே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள் அண்ணா. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் கொங்குத் தமிழ். இப்படி ரெண்டு பாஷையை உள்ளிருந்து பேசுகிற பிள்ளைகள் சென்னையிலும் கொச்சியிலும் சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். ஓடிடி வந்த பிறகு மலையாளத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மாறுகிற படங்கள், தொடர்கள் ஏராளம், அதற்கெல்லாம் குரல் வேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், செட்டில் புது நடிகைக்கு வசனம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். ஒரு குறை உண்டு, நம் பக்கத்துத் தமிழில் மலையாள இழுப்பு இருக்கிறது, மலையாளத்தில் தமிழ் வாடை இருக்கிறது. நம் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு அது காதில் விழாது, மைக்குக்கு விழும். தினமும் அரை மணி நேரம் தமிழ்ப் பேப்பரையும் மலையாளப் பேப்பரையும் சத்தமாகப் படித்து ஃபோனில் பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள். ரெண்டையும் தேவைக்கு ஏற்ப மாற்றிப் பேசப் பழகிவிட்டால், நடிப்பில் ஆள் தேடாத மாதங்களில் அந்தக் குரல் சோறு போடும்.

அம்மா பயப்படுவது பாதுகாப்பைப் பற்றி, அது நியாயமான பயம். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு அமைத்த ஹேமா கமிட்டி 2019 டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது, 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. வாய்ப்புக்காக அட்ஜஸ்ட் செய்யச் சொல்வது, செட்டில் கழிப்பறைகூட இல்லாதது, எழுத்தில் ஒப்பந்தமே இல்லாதது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முன் 2022இலேயே சினிமாத் தயாரிப்பு நிறுவனங்களும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எந்த யூனிட் கூப்பிட்டாலும் உங்கள் புகார்க் குழுவில் யார் யார் என்று கேட்பது தப்பே இல்லை. கேட்டதும் எதிர்முனையில் குரல் மாறினால் அதுவே பதில். ஆடிஷன் பகலில், ஆபீஸில், கூட ஒருவர் இருக்க. ஹோட்டல் ரூம் என்றால் போகக் கூடாது, எவ்வளவு பெரிய பேர் சொன்னாலும். பாப்பாவுக்குப் பதினெட்டு முடியவில்லை, அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு மதிப்பு கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும், அப்போது ஒரு நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கொடுப்பார்கள், போக்குவரத்து யார் செலவு என்பது அதில் எழுத்தாக இருக்கட்டும். பேமெண்ட் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும், பான் கார்டு எடுத்துவிடுங்கள். சம்பளத்தில் வரியாக டிடிஎஸ் பிடித்தால் வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கொச்சி ஆள் சின்னவனையும் ஒரு விளம்பரத்துக்குக் கேட்டார் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். ஒன்பது வயதுப் பையனுக்குச் சட்டமே தனி. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் அஞ்சு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வு இல்லாமல் மூணு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் போட வேண்டும். இதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சின்னவனைப் பற்றிய பேச்சே திரும்ப வராது.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. தோப்பை விற்காதீர்கள், பாப்பாவுக்கு வைத்திருக்கும் நகையையும் தொடாதீர்கள். டிகிரி முடிகிற வரை விடுமுறையில் கிடைக்கிற குறும்படம், டப்பிங், சின்ன வேஷம் எதுவாக இருந்தாலும் செய்யட்டும், முடிந்த பிறகு சென்னையிலோ கொச்சியிலோ நாலைந்து பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கி முயற்சி செய்ய இவ்வளவு நாள், மாதம் இவ்வளவு என்று இப்போதே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். அந்தக் கணக்கைப் பாப்பாவையே எழுதச் சொல்லுங்கள்.

கொச்சிக்காரருக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: சீரியல் பேர், தயாரிப்பு நிறுவனம், சேனல், ஆபீஸ் முகவரி. இந்த நாலும் வரட்டும், கட்டணம் எதுவும் தர மாட்டோம் என்றும் சேர்த்தே எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் விசாரிக்கிறேன். மோனோ ஆக்ட் வீடியோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஃப்ரீ, கூப்பிடுங்கள். பாப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், பாதி நேரம் அவள்தான் பேச வேண்டும்.