புயலுக்கு முன்னாடி செலவு பண்ண பணம் இருக்கா?

கேள்வி: கஜா புயல் அப்போ எங்க ஊர்ல பத்து நாளைக்கு மேல குழாய்ல தண்ணி வரல. புயலுக்கு அப்புறம் லாரில தண்ணி கொடுக்க அரசாங்கத்துகிட்ட பணம் இருக்கு, லாரியே தேவைப்படாத மாதிரி முன்னாடியே ஏற்பாடு பண்ண பணம் இல்லையா சார்?
- வாசகி, வேதாரண்யம் பக்கத்து கிராமம்

பதில்: இருக்கும்மா, அது நம்ம ஊர்கள்ல நிறைய பேருக்குத் தெரியவே தெரியாதுங்கறதுதான் எனக்கு வருத்தம்.

2018 நவம்பர் 16 விடிகாலைல கஜா கரையைக் கடந்துச்சு, மறு வாரம் நான் தலைஞாயிறு பக்கம் போயிருந்தேன். ஒரு ஊர்ல ஓவர்ஹெட் டேங்க்ல ஒரு கீறல் இல்ல, கீழ சம்ப்ல தண்ணியும் கெடக்கு, ஆனா கரண்ட் கம்பம் பூரா சாஞ்சு போச்சு, மோட்டார் எப்படி ஓடும்? கல்யாணத்துக்கு லைட் கட்டுறவர்கிட்ட ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடிச்சு டிராக்டர்ல ஏத்திட்டு வந்தாங்க, டீசலுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல், டேங்க் பாதி ஏறல அதுக்குள்ள அடுத்த ஊர்க்காரங்க வந்து நிக்கிறாங்க. தெருக்குழாய்ல மொதல்ல காத்துதான் சீறுச்சு, அப்புறம் துரு கலர்ல தண்ணி, அதையும் விடாம குடத்துல பிடிச்சாங்க. உங்க பக்கம் நிலத்தடி நீர் உப்பு, கொள்ளிடத்து தண்ணி பம்ப் பண்ணி பம்ப் பண்ணித்தான் வரணும், நடுவுல ஒரு பம்பிங் ஸ்டேஷன் நின்னாலும் கடைக்கோடில இருக்கற உங்களுக்குத்தான் அடி.

பணம் விஷயத்துக்கு வர்றேன். லாரி தண்ணி, உடைஞ்ச பைப்பை ஒட்டுறது இதெல்லாம் பேரிடர் நிவாரண நிதில வரும். முன்கூட்டியே பாதிப்பைக் குறைக்கறதுக்கு தணிப்பு நிதின்னு தனியா ஒண்ணு, 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்துலயே சொல்லிட்டாங்க, ஆனா 15-வது நிதிக்குழு சொன்னப்புறம்தான் அதுல காசே விழ ஆரம்பிச்சுது. 2021-26 அஞ்சு வருஷத்துக்கு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து 1,60,153 கோடி, அதுல 80 சதவீதம் நிவாரணம், 20 சதவீதம் தணிப்பு, தமிழ்நாடு மாதிரி மாநிலங்கள்ல மத்திய அரசு முக்கால் பங்கு மாநிலம் கால் பங்கு. எனக்குக் கேட்டா அந்த 20 பத்தவே பத்தாது. வெள்ளத்துல நனைஞ்சு போன மோட்டார் ஸ்விட்ச் இருக்கற பேனல் போர்டை அதே பள்ளத்து மோட்டார் ரூம்ல திரும்ப மாட்டுறதுக்கு செலவு பண்றோம், ரூமை நாலு அடி தூக்கிக் கட்ட மாட்டேங்கறோம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அந்த மாதிரி மழைக்கு இந்த ரூம் எம்மாத்திரம்?

நீங்க செய்யக்கூடியது, மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு கிராம சபை நடக்கும்ல, அதுல தீர்மானமா எழுதச் சொல்லுங்க, பொதுவா "தண்ணி வேணும்"னு இல்லாம ஜெனரேட்டர் வேணும், மோட்டார் ரூமை உயர்த்தணும்னு. அதுக்கு முன்னாடி, எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேணும்னு சொல்றதுக்கு, டேங்க் ஆபரேட்டர்கிட்ட மோட்டார் எத்தனை ஹெச்பின்னு கேட்டுக்குங்க, போன வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு ரூம் சுவத்துல ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து மனுவோட வைங்க.