பல வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். டெல்டாவில் இருந்துகொண்டு பவளத் தொட்டி வைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். மன்னார்குடியில் நான் வைத்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. 120 லிட்டர் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், ஒரு கருப்பு மோலி, நாலைந்து வகை சாஃப்ட் கோரல் (கல்லாகாத மென்பவளம்). அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கப்பி, ஏஞ்சல், ஆஸ்கார், கடைசியில் செடித் தொட்டி என்று நன்னீரிலேயே கிடந்தவன். அந்த அனுபவம் பாதி உதவும், மீதிப் பாதி காலை வாரிவிடும். என்னை வாரிவிட்ட கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நன்னீர்த் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் அதே மாதிரித் தண்ணீரை மொண்டு ஊற்றுவோம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கை பழகியிருக்கும். கடல் தொட்டி வைத்த முதல் மே மாதம், மேலே ஓடிய சின்ன ஃபேன் காற்றில் தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகப் போனது. நானும் கலக்கி வைத்திருந்த உப்புநீர் ட்ரம்மிலிருந்து தினமும் இரண்டு லிட்டர் ஊற்றி வந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும் என்பது சின்ன வகுப்புப் பாடம். விடுமுறைக்கெல்லாம் வேதாரண்யத்து உப்பளத்தில் திரிந்தவனுக்கு அந்தப் பாடம்கூடத் தேவையில்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பத்து நாள் கழித்து உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை அளந்தால் 1.026 இருக்க வேண்டிய இடத்தில் 1.031. லெதர் கோரல் சுருங்கி, காய்ந்த காளான் போல ஆகிவிட்டது. இரண்டு இறால் போயே போய்விட்டன. நல்லவேளை, பதறிப்போய் ஒரே நாளில் உப்பைக் குறைக்கவில்லை. தினமும் கொஞ்சம் உப்புநீரை எடுத்து அதே அளவு சுத்த நீர் விட்டு ஒரு வாரத்தில் கீழே கொண்டுவந்தேன்.

ஆக, ஆவியான அளவுக்கு உப்பில்லாத நீர். உப்புநீர், தண்ணீர் மாற்றுகிற நாளுக்கு மட்டும். இதை ட்ரம் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். நான் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வருபவர்கள் சிரிப்பார்கள். உப்பை அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) வாங்குங்கள். முள் ஆடுகிற பிளாஸ்டிக் பெட்டியை நம்ப வேண்டாம்.

அடுத்தது உப்பு. முதல் பக்கெட் உப்பு பார்சலில் வந்தபோது வேதாரண்யத்து மாமா வீட்டில் இருந்தார். "ஏன்டா மாப்ள, உப்பையா காசு குடுத்து வரவழைக்கிற? நம்மூர்ல மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. ஒரு மூட்டையத் தூக்கிட்டுப் போயேன்." நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வற்றும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பு பூக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். சமையலுக்கு அது நல்லது, பவளத்துக்கு ஆகாது. பவளத் தொட்டிக்கு கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சுமார், மெக்னீசியம் 1,300 சுமார், காரத்தன்மை 8 டி.கே.எச் (அதை அளக்கும் அலகு) பக்கம் வேண்டும். ரீஃப் உப்பு என்று விற்பது அந்தக் கலவையைத்தான். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போகும். என் தொட்டிக்கு ஆரம்பத்தில் நாலரைக் கிலோ, பிறகு வாரம் 12 லிட்டர் மாற்ற அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

மாமாவின் அடுத்த கேள்வி, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வரலாமே என்று. நம் கரையில் காவிரியின் கிளைகள் அத்தனையும் வந்து சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்கும்போது உப்பும் குறையும், சேறும் கலங்கும். பவளத்துக்குத் தெளிந்த நீரும் வெளிச்சமும் வேண்டும். பூம்புகாரிலும் நாகூரிலும் பவளப்பாறை இல்லாமல், தெற்கே மண்டபம் பக்கம் போனால்தான் இருப்பதற்கு இந்தக் கலங்கலும் ஒரு காரணம். மீன் குஞ்சு பொரிப்பகங்கள் கடல்நீரை எடுத்து வடிகட்டிப் பயன்படுத்துகின்றன. வீட்டில் அந்தப் பாடு வேண்டாம்.

உப்பைக் கலக்கும் தண்ணீர் சுத்த நீராக இருக்க வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டு ஆர்.ஓ வைத்திருப்பீர்கள், அதன் கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துவிடும் ஒரு டி.ஐ ரெசின் குழாய் மாட்டி டி.டி.எஸ் (நீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முக்கியமாக ஒன்று, இப்போது 'காப்பர் ஆர்.ஓ' என்று செம்பு சேர்த்துத் தரும் மெஷின்கள் வருகின்றன. அந்தத் தண்ணீர் வேண்டாம். இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். அதே காரணத்தால் அம்மா ஆசையாக எடுத்துக் கொடுக்கும் கும்பகோணம் பித்தளை அண்டாவில் உப்பு கலக்காதீர்கள். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். பழைய நன்னீர்த் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால் அந்தக் கல்லையும் மணலையும் இதற்குக் கொண்டுவர வேண்டாம்.

தொட்டியைத் தயார் செய்வது உங்களுக்குத் தெரிந்ததுதான்: அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளரும்வரை காத்திருப்பது. நாலிலிருந்து ஆறு வாரம். ஒரே வித்தியாசம், கடல்நீரின் பி.எச் 8.2 பக்கம் இருப்பதால் அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு, பி.எச் 7 உள்ள தொட்டியைவிடப் பத்து மடங்குக்கும் மேல். 'கொஞ்சம்தானே இருக்கு, மீனை விட்டுடலாம்' என்ற நம் பழைய துணிச்சல் இங்கே செல்லாது. அதற்குப் பிறகு பழுப்புப் பாசி, பச்சைப் பாசி என்று இரண்டு மாதம் பார்க்கவே சகிக்காது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள். மோலியை மெதுவாக, பல மணி நேரம் எடுத்து உப்புநீருக்குப் பழக்கினால் அதுவும் கொஞ்சம் பாசி மேயும். பழைய தொட்டியிலிருந்து என்னோடு உப்புக்கு வந்த ஒரே ஆள் அதுதான்.

இனி சட்டம். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கல்லாகும் ஹார்ட் கோரல் அத்தனையும், கடல் விசிறியும், 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் இருக்கின்றன. மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. செத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். 'லைவ் ராக்' (நுண்ணுயிர் குடியிருக்கும் கடல் பாறை) என்று ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லி ஒருவர் என்னிடம் மூட்டை அவிழ்த்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு செயற்கைப் பாறை வாங்கினேன். 'இம்போர்ட் சார்' என்பார்கள். அதை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

அதனால் முதல் தொட்டி சாஃப்ட் கோரல்தான்: மஷ்ரூம், லெதர், ஜோயாந்திட். வருத்தப்பட வேண்டாம், ஆரம்பிப்பவருக்கு இவைதான் ஏற்றவை. கால்சியம் தனியாக ஊற்ற வேண்டியதில்லை, வாரத் தண்ணீர் மாற்றமே போதும். கடலில் பிடுங்கியதை வாங்காமல், தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து துண்டு வாங்குங்கள். செம்பருத்திக் குச்சி நடுகிற மாதிரி, வெட்டி ஒட்டினால் வளரும். ஜோயாந்திட் வெட்டும்போது மட்டும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியிலேயே ஆபத்து. கோமாளி மீனும் வளர்ப்பில் பொரித்ததாகக் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைப் பொரித்து வளர்க்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது, கடலில் பிடிக்கத் தேவையே இல்லை.

(நான் பவளம் வளர்க்கிறேன் என்று கேள்விப்பட்ட பெரியம்மா, வைத்தீஸ்வரன்கோவிலில் தங்கைக்குச் செவ்வாய் தோஷம் என்று சொன்னார்களே, ஒன்று எடுத்து மோதிரத்தில் வைக்கலாமா என்று கேட்டார். மோதிரப் பவளம் வேறு குடும்பம் பெரியம்மா என்றேன். நம்பவில்லை.)

கடைசியாக வெயிலும் கரண்டும். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது. சூடு ஏறினால் பவளம் அதை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி வெளுத்தது. தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும், 30-ஐத் தாண்ட விடாதீர்கள். ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும், கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் அதுவும் இறக்காது. நான் ஒரு வருடம் ஃபேனை வைத்துச் சமாளித்துவிட்டு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். தொட்டி, லைட், உப்பு எல்லாம் சேர்ந்த விலையைவிட அது அதிகம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் பதினோரு நாள் கரண்ட் இல்லை. செடித் தொட்டியில் கப்பிகள் தப்பித்தன, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றியதோடு சரி. உப்புநீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, கடல் தொட்டி அப்படித் தப்பிக்காது. எனவே தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரை மட்டும் தனியாக இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும்.

தொட்டியை இப்போதே வாங்க வேண்டாம். வைக்கப்போகிற அறையில், வைக்கப்போகிற இடத்தில், மே மாதம் ஒரு வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் சூட்டை அளந்து எழுதுங்கள். அந்தக் கணக்கைக் கீழே போடுங்கள், சில்லர் வேண்டுமா என்று சொல்கிறேன்.