சோலார் மானியத்துக்கு ஓடிபி-யும் வெற்றுக் காசோலையும் எதற்கு?

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஓடுகிறது. ஒரு ஏஜென்ட் வந்து, 5 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தரும், கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரியும் என்கிறார். முன்பணம் 30,000 ரூபாயும், கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும், போனுக்கு வரும் ஓடிபி-யும் கேட்கிறார். மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?"

வேண்டாம். மானியம் உண்மை, அந்த ஆள் சொல்லும் வழிதான் கோளாறு.

பிஎம் சூர்ய கர் என்ற இந்தத் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். கூரையில் பேனல் ஏறினால் நிலக்கரி எரிப்பது குறையும், 25 ஆண்டுகளில் 72 கோடி டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுக்கப்படும் என்பது அரசின் கணக்கு. அதற்காகத்தான் உங்கள் வீட்டுக்குப் பணம் தருகிறார்கள். முதல் 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 30,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. மொத்தம் 78,000, அதோடு சரி. 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். ஏஜென்ட் ஏன் 5 என்கிறார் என்றால், கூடுதல் 2 கிலோவாட்டை உங்கள் தலையில் கட்டினால் அவருக்கு லாபம், உங்களுக்கு மானியத்தில் ஒரு பைசாகூட அதிகம் கிடைக்காது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். உங்கள் செலவு 520. அப்புறம் எதற்கு 5? ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள், இல்லையென்றால் 2 போதும், அதற்கே மானியம் 60,000 வரும், வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயுவும் குறையும். 500 யூனிட்டைத் தாண்டும்போது ஸ்லாப் மாறி பில் எகிறுகிறதே, அந்தத் தொல்லையும் தீரும். கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரைக்கும் நீங்களே மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கலாம். விற்க வருகிறவர் இதைச் சொல்லவே மாட்டார்.

கரண்ட் போனாலும் லைட் எரியும் என்பது பொய். மானியம் தரப்படுவது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் அமைப்புக்கு. லைனில் மின்சாரம் நின்றால் சோலார் இன்வெர்ட்டரும் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிர் போகக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால் கதை வேறு, ஆனால் பேட்டரிக்கு மானியம் கிடையாது.

இப்போது அந்த ஓடிபி. விண்ணப்பம் போடுவது இந்தத் திட்டத்துக்கான அரசு இணையதளத்தில், உங்கள் போன் நம்பரில், உங்கள் மின் இணைப்பு எண்ணில். கட்டணம் எதுவும் இல்லை. ஓடிபி-யைக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அவர் கைக்குப் போய்விடும், எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்த வங்கிக் கணக்கைக் கொடுப்பது எல்லாம் அவர் தட்டுவதுதான். நீங்களே காசு கொடுத்து பேனல் மாட்டும் முறையில் மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், பேனல் ஏறி, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் கம்பிக்குத் திருப்பி அனுப்புவதையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, மின்வாரியம் வந்து சோதித்து, தளத்தில் அறிக்கை ஏறிய பிறகு. வெற்றுக் காசோலை கேட்பது அந்தப் பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளத்தான். ஒப்பந்தத்தில் மானியத்தைக் கழித்த விலை எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். முழு விலை, பேனல் கம்பெனி, வாட் அளவு, ஐந்து வருடப் பராமரிப்பு, இவை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியல் தளத்திலேயே இருக்கிறது, அதில் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள்.

இன்னொரு பொறி, பேனல். உள்நாட்டில் செய்த செல் (பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சில்லு) கொண்ட பேனலுக்குத்தான் மானியம், டிசிஆர் பேனல் என்பார்கள். வெளிநாட்டு செல்லை இங்கே ஒட்டி "மேட் இன் இந்தியா" ஸ்டிக்கர் போட்டதும் சந்தையில் உண்டு, விலை குறைவு. அதை மாட்டிவிட்டு மானியம் வராமல் அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனது ஆறவே இல்லை. மேலே ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள், தயாரித்த கம்பெனியின் டிசிஆர் சான்றில் அதே நம்பர்கள் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

அப்பா பெயர் விஷயம்தான் உங்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை, ஏஜென்ட் அதைத்தான் "அப்புறம்" என்கிறார். இணைப்பு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பதாரர், அவர் கணக்குக்குத்தான் பணம். இறந்தவர் பெயரில் விண்ணப்பித்தால் பேனல் மேலே ஏறிவிடும், மானியம் மட்டும் வராது. அதனால் முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்து வரி ரசீது, பொதுவாக இவ்வளவுதான் கேட்பார்கள். அம்மா இருந்தால் அம்மா பெயருக்கு மாற்றுங்கள், ஆனால் அப்போது விண்ணப்பமும் அம்மா பெயரில், ஆதாரும் அம்மாவுடையது, வங்கிக் கணக்கும் அம்மாவுடையது. இணைப்பு அம்மா பெயரில், கணக்கு மகன் பெயரில் என்று கலக்கவே கூடாது. உடன்பிறந்தவர் வெளியூரில் இருந்தால் அவர் கையெழுத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், அடுத்த பொங்கலுக்கு வருவார் என்று காத்திருக்காதீர்கள். எழுத்துப் பிழையையும் இப்போதே சரி செய்துவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மின் அட்டையில் முன்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்றால் பணம் வரும் நேரத்தில் அங்கேதான் சிக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மின் இணைப்பு தாத்தா, அப்பா பெயரிலேயே கிடக்கிறது. ஒரு கோடி வீடு என்று அறிவிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது தெரியாதா? வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில் தூங்குகிறது, பெயர் மாற்றம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தூங்குகிறது, மானியத் தளமோ "பெயர் பொருந்தவில்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இந்த மூன்று அலுவலகங்களும் பேசிக்கொள்ளாததால்தான் ஏஜென்ட்டுகளுக்குப் பிழைப்பே நடக்கிறது.

10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024லேயே விதி மாற்றிவிட்டார்கள். ஆகவே "ஆபீசில் அப்ரூவல் வாங்க" என்று யாராவது பணம் கேட்டால் தராதீர்கள். கையில் முழுத் தொகை இல்லையென்றால் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் அடமானமில்லாத வங்கிக் கடன் உண்டு, ஏஜென்ட்டின் தவணைக்குப் போக வேண்டாம்.

முன்பணம் இதுவரை கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே ரசீது எழுதி வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு 15555 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். ஓடிபி-யும் ஏற்கெனவே போய்விட்டதென்றால், தளத்தில் உங்கள் போன் நம்பரால் உள்ளே நுழைந்து எந்த நிறுவனம், எந்த வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள்.